கிருபையால நல்லா இருக்கோம்

கீழ்வீட்டு அக்கா வீட்டில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று என் மனைவி ஒருமுறை விவரித்தாள். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நிற்கும். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து, "ஒண்ணும் இல்ல தம்பி, கிருபையால உள்ள நல்லா கதகதப்பா இருக்கு" என்பார். வண்டி திரும்பிப் போய்விடும்.

என் மனைவி எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவள். என்னைப் பற்றி அவள் தன் தங்கையிடம் போனில் சொல்வதை ஒட்டுக்கேட்டு இதை உறுதிசெய்திருக்கிறேன். ஆனால் அக்கா விஷயத்தில் அவள் அதிகம் கூட்டிவிடவில்லை.

பெங்களூர் பிரேசர் டவுனில், மாஸ்க் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், அவர்கள் கீழேயும் நாங்கள் மாடியிலும் குடியிருந்தோம். நாங்கள் வந்த முதல் மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் தெருச் சாக்கடை பொங்கி, தண்ணீர் கீழ்வீட்டுக்குள் புகுந்துவிட்டது. நான் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, உதவி செய்வதா, உதவ வந்தவன்போல் நின்றால் போதுமா என்று யோசித்தபடி படியிறங்கினேன். கட்டிலின் மேல் அரிசி டின், அதன் மேல் மிக்ஸி, அதன் பக்கத்தில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் பியூலா. அக்கா கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்ட அழுக்குத் தண்ணீரில் நின்று, மிதந்து வெளியே கிளம்பிய செருப்பு ஒன்றை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா இப்படி ஆயிடுச்சு?"

"நல்லாத்தான் இருக்கோம் தம்பி. ரொம்ப நாளா அந்த மூலையைக் கழுவணும்னு இருந்தேன்."

கட்டிலிலிருந்து பியூலா, "அம்மா, அது சாக்கடைத் தண்ணி" என்றாள். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என்னை 'தம்பி' என்றது பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அப்போதே முன்மண்டை காலியாகிவிட்டது. அக்காவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். முதல் நாள் அவர் 'தம்பி' என்றார், நான் 'அக்கா' என்றேன். லாபம் எனக்கு என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "நல்லாத்தானே தம்பி இருக்கோம், இதை எதுக்கு எழுதிக்கிட்டு" என்பார்.

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். அங்கே ஒருவரைப் பார்த்து 'நல்லா இருக்கியா' என்று கேட்பது விபரீதம். சர்க்கரை அளவில் ஆரம்பித்து, மச்சினன் செய்த துரோகத்தில் போய் நிற்பார்கள். அந்தப் பயிற்சியில் வளர்ந்தவனுக்கு அக்கா புரியவே இல்லை. தண்ணீர் லாரி வராத நாளில் "நேத்து பிடிச்சது தாராளமா இருக்கு" என்பார். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தியபோது "பாவம், அவருக்கும் பொண்ணு கல்யாணம் இருக்குல்ல" என்றார். தாத்தா காலத்திலிருந்தே கண்டோன்மெண்ட் பக்கம் குடியிருக்கும் குடும்பம் அவருடையது. கறிக்கடை பாயிடம் உருது கலந்து பேசுவார், ஆட்டோக்காரரிடம் கன்னடம், ஆண்டவரிடம் தமிழ். எந்த மொழியில் கேட்டாலும் நல்லாவே இருந்தார்.

வேலையும் அப்படிப்பட்டது. தெருமுனைச் சர்ச்சோடு ஒட்டிய நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ். மாடி ஜன்னலில் நின்றால் காலையில் அந்த வகுப்பு எனக்கே கேட்கும். "ஹௌ ஆர் யூ?" என்று அக்காவின் குரல் எழும்பும். "ஐ யாம் ஃபைன், தேங்க் யூ மிஸ்" என்று இருபது முப்பது மழலைகள் ராகம் போடும். அதில் ஒன்று மட்டும் தினமும் தனியாக அழுதுகொண்டிருக்கும். அதையும் மூக்கைத் துடைத்துவிட்டு, ஃபைன் என்று சொல்ல வைத்த பிறகுதான் அக்கா ரைம்ஸுக்குப் போவார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. கேக் உண்டு என்பதால் நானும் போனேன். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும்: வேலை போனது, கட்டி வந்தது, பையன் கெட்ட சகவாசத்தில் விழுந்தது. கேட்பவர்களின் கண்ணில் நீர் கோத்த பிறகு, ஆண்டவர் அதிலிருந்து எப்படித் தூக்கிவிட்டார் என்பதைச் சொல்லவேண்டும். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அக்கா எழுந்தார். "ஆண்டவர் எங்க குடும்பத்துக்குப் பெரிய பெரிய காரியம் செஞ்சார். ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எதிலிருந்து தூக்கினார் என்பதை அந்தக் கூட்டத்தில் யாராலும் ஊகிக்க முடியவில்லை. பாஸ்டர் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். இந்தச் சாட்சி விஷயம் பின்னால் வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அக்காவின் கணவர் ஒரு கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிருந்தது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. ஆயுள் முழுக்க யாரைப் பார்த்தாலும் சொல்லி வந்த 'ஸ்தோத்திரம்' மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. வாய்க்குப் பழகின சொல் சில பேருக்கு அப்படி மிஞ்சும் என்று டாக்டர் சொன்னாராம்.

முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். அவருக்குத் தண்ணீர் வேண்டுமானாலும் ஸ்தோத்திரம், கால் மரத்துப்போனாலும் ஸ்தோத்திரம், கொசு கடித்தாலும் ஸ்தோத்திரம். அக்காவுக்கு மட்டும் அதெல்லாம் வேறு வேறாகக் கேட்டது. சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடியே, "பியூலா, அப்பாவுக்கு முதுகுல தலைகாணி நழுவிருச்சு பாரு" என்பார். போய்ப் பார்த்தால் நழுவித்தான் இருக்கும். நான் ஒருமுறை துணைக்கு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்றார். மரியாதை தெரிந்தவன் என்பதால் நானும் "ஸ்தோத்திரம் சார்" என்றேன். மறுபடி சொன்னார், நானும் மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை அவர் முறைத்த முறைப்பில் எழுந்து பார்த்தேன். என் நாற்காலிக் கால் அவருடைய போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சார் எப்படி இருக்கார்?" என்று படியில் பார்க்கும்போது கேட்பேன்.

"கிருபையால நல்லா இருக்கார் தம்பி. இடது பக்கம் பூரா நல்லா இருக்கு."

இப்போது பியூலா. பி.காம். இரண்டாம் வருடம். பெயர் சொல்ல வேண்டாத ஒரு கல்லூரியில், கல்லூரியே தரும் ஃபீஸ் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா விழுந்த பிறகு வீட்டுக்கு வருமானம் என்று இருந்தது நர்சரிச் சம்பளம் ஒன்றுதான். அதனால் அக்கா பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். அப்படியானால் பகலில் அப்பாவோடு யார் இருப்பது? பியூலா இருந்தாள். அவரைப் புரட்டினாள், ஊட்டினாள், பிசியோதெரபி வீடியோ பார்த்து விரல்களை நீவிவிட்டாள். அட்டெண்டன்ஸ் சரிந்தது. இரண்டு பேப்பர் போயிற்று. சலுகைக்கு நிபந்தனை அட்டெண்டன்ஸும் பாஸும். நிறுத்திவிட்டார்கள்.

அவள் அம்மாவுக்கு நேர் எதிர். எதையும் உள்ளபடி சொல்வாள். மாடிக்கு வந்து, உட்காராமலே சொன்னாள்.

"அங்கிள், கன்செஷனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அது இல்லன்னா ஃபைனல் இயர் கிடையாது. அப்பீல் போடலாமாம். நீங்க ரைட்டர்தானே?"

"சாஃப்ட்வேர் கம்பெனில மேனுவல் எழுதறவன்மா."

"லெட்டர்தானே அங்கிள்."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "இவரா? இவர் கம்ப்ளெயிண்ட் எழுதி நமக்கு ஒரு கேஸ் சிலிண்டர்கூட மாத்திக் குடுக்கலடி."

அப்பீல் என்பது கல்லூரி இணையதளத்தில் ஒரு பக்கம். காரணம் என்ற இடத்தில் சொடுக்கினால் ஒரு பட்டியல் விழுந்தது. பெற்றோர் மரணம், மாணவரின் நோய், இயற்கைச் சீற்றம், மற்றவை. பியூலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா மற்றவையில வருவார் போல" என்றாள்.

அதற்குக் கீழே இரண்டு கேள்விகள். ஒன்று, உங்களுக்கு நேர்ந்தது என்ன? இரண்டு, இனி நன்றாகப் படிக்கும்படி என்ன மாறியிருக்கிறது? பார்த்தவுடன் எனக்கு ஜெபக்கூட்டம் ஞாபகம் வந்தது. அதே சாட்சிதான். முதலில் பாடு, பிறகு மீட்பு. அக்கா எந்தப் பாதியில் வல்லவர் என்பதும் ஞாபகம் வந்தது.

கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். வாழ்நாளில் படித்த நாவல்கள் அத்தனையும் அன்றைக்கு எனக்குத் துணை நின்றன. 'இருண்ட அந்தக் காலை', 'நிலைகுலைந்த குடும்பம்', 'ஒரு மகளின் தியாகம்' என்று போயிற்று. பியூலா படித்துவிட்டு, "அங்கிள், இதுல அப்பா செத்துட்ட மாதிரி இருக்கு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்படி இருந்தா முதல் ஆப்ஷன்லயே முடிஞ்சிருக்கும்" என்றாள். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

பெற்றோர் கையெழுத்து வேண்டும். அக்காவிடம் கொண்டுபோனோம். எல்.கே.ஜி. நோட்டுகளில் ஸ்டார் போடுகிற சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார்.

"நிலைகுலைஞ்சுன்னு போட்டிருக்கீங்களே தம்பி, யாரு குலைஞ்சா?" ஒரு கோடு.

"வருமானம் போதலன்னு எதுக்கு? நாம என்ன பட்டினியா கிடக்கோம்?" இன்னொரு கோடு.

"அவரால எழுந்திருக்க முடியாதுன்னு இருக்கு. இப்ப முடியாது. அப்படியே முடியாதுன்னு எழுதலாமா?"

"நான் பொய்யா எழுதிட்டேன் அக்கா?" என்றேன்.

"பொய்யில்ல தம்பி. எழுதிட்டா அப்படியே நின்னுடும்ல."

அவர் திருப்பித் தந்தபோது என் கடிதத்தில் மிஞ்சியிருந்தது, கல்லூரி இத்தனை நாள் செய்த உதவிக்கு நன்றியும், நிர்வாகத்தின் நலனுக்கு ஒரு பிரார்த்தனையும்தான். ஓரத்தில் பழக்கதோஷத்தில் ஒரு ஸ்டார் வேறு.

மாடியில் நானும் பியூலாவும் உட்கார்ந்து வேறொன்று எழுதினோம். இலக்கியம் இல்லாமல், நடந்ததை நடந்தபடி. அதில் அக்கா கையெழுத்துப் போட்டார், படிக்காமல், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு. ஊசி போட்டுக்கொள்பவர்கள் அப்படித் திரும்பிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளையும் சேர்த்து அனுப்பினோம். அந்தத் தாளில் கடைசி வரி, 'வீடு திரும்பும்போது நோயாளியின் நிலை: திருப்திகரம்.' அக்காவைப் போலவே யோசிக்கிற ஒருவர் ஆஸ்பத்திரியிலும் இருந்திருக்கிறார்.

கமிட்டி முன்னால் பெற்றோரோடு நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. அக்கா அங்கே என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன். எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நான் கமிட்டித் தலைவராக உட்கார்ந்தேன். பதவி எனக்கு உடனே பிடித்துப்போனது.

"சொல்லுங்கம்மா, உங்க மகள் ஏன் கல்லூரிக்கு வரவில்லை?"

"அவளுக்குப் படிப்புல ரொம்ப ஆர்வம் சார்."

"அக்கா, அது பதில் இல்ல."

"ஆர்வம் இருக்குல்ல தம்பி?"

"இருக்கு. ஆனா அவங்களுக்கு வேண்டியது அது இல்ல. உங்களை அழச் சொல்லல அக்கா. நடந்ததைச் சொன்னாப் போதும்."

என் மனைவி காபி வைத்துவிட்டு, "அக்கா, வசனம் மனப்பாடம் பண்றீங்கல்ல, அந்த மாதிரி பண்ணிடுங்க" என்றாள். என் வீட்டில் உருப்படியான யோசனைகள் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். அக்காவின் முகம் தெளிந்தது. மனப்பாடம் அவருக்குக் கைவந்த கலை. மூன்று நாள் மாலையில் வந்து ஒப்புவித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கைகளைக் கோத்துக்கொண்டு: "என் கணவருக்குப் பக்கவாதம். எழுந்து நடக்க முடியாது. பேச முடியாது. நான் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் மகள்தான் பார்த்துக்கொண்டாள். இப்போது என் அண்ணி பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். சலுகை கிடைக்காவிட்டால் அவளால் படிக்க முடியாது." ஒரு தடங்கல் இல்லை. பியூலா கை தட்டினாள். அந்த மூன்று நாளும் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும்.

கல்லூரியில் என்னையும் உள்ளே விட்டார்கள், குடும்ப நண்பர் என்ற பெயரில், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. துணை முதல்வர் ஒருவர், கணக்குப் பிரிவு மேடம் ஒருவர். துணை முதல்வர் கடுகடுப்பானவராக இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். ஒத்திகையில் நான் கடுகடுப்பாகத்தான் இருந்தேன். இவர் நல்ல மனிதர். அக்காவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கிளாஸை நகர்த்திவைத்து, பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதுபோல் கேட்டார்.

"மனேலி எல்லாரூ சென்னாகிதாராம்மா?"

வீட்டில் எல்லாரும் நலமா. அவ்வளவுதான். விசாரணை இன்னும் ஆரம்பிக்கவில்லை. பேனா மூடியைக்கூட அவர் திறக்கவில்லை.

"தேவர தயெயிந்த எல்லாரூ சென்னாகிதீவி சார்" என்றார் அக்கா, முகம் மலர்ந்து. அதே 'கிருபையால நல்லா இருக்கோம்'தான், கன்னடத்தில்.

துணை முதல்வரின் முகத்தில் நிஜமான நிம்மதி பரவியதைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் எத்தனை அழுகையைக் கேட்டிருந்தாரோ. "ரொம்ப சந்தோஷம்" என்று கன்னடத்தில் சொல்லி, மேஜைமேல் இருந்த தாள்களைப் புரட்டினார். "யஜமானரு ஹேகிதாரே?"

கணவர் எப்படி இருக்கிறார். இங்கேயாவது மனப்பாடம் எழும்பி வரும் என்று நான் நாற்காலி விளிம்புக்கு வந்தேன்.

"பரவாகில்லா சார். மாத்தாடுத்தாரே."

பரவாயில்லை, பேசுகிறார். பொய்யில்லை. அவர் பேசத்தான் செய்தார்.

"சார், ஒரே ஒரு வார்த்தைதான் சார் பேசுவார்" என்றாள் பியூலா ஆங்கிலத்தில். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"லெட் யுவர் மதர் ஸ்பீக்" என்றார் கணக்கு மேடம்.

அக்கா மகளின் முழங்கையைத் தொட்டு, மேடத்திடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் கன்னடத்தில் சொன்னார், அவளுக்கு அப்பா மேல் பாசம் கொஞ்சம் ஜாஸ்தி என்று. துணை முதல்வர் புன்னகைத்தார். அவருக்கும் மகள் இருக்கவேண்டும்.

நான் தொண்டையைக் கனைத்தேன். "சார், இஃப் ஐ மே..."

"நீங்க யாரு சார்?"

"மாடி வீடு."

"பேரண்ட் இருக்காங்கல்ல சார்" என்றார் அவர், தமிழிலேயே, மரியாதையாக. இருந்தார்கள். அதுதான் பிரச்சினை. எங்களுக்குப் பக்கத்தில், சலவைப் புடவையில், சர்ச்சுக்கு வந்தவர்போல் நேராக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் நல்ல செய்தியாகச் சொல்லிக்கொண்டு பேரண்ட் இருந்தார். கணக்கு மேடம் நாங்கள் அனுப்பிய கடிதத்தையும் டிஸ்சார்ஜ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 'திருப்திகரம்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றதை நான் பார்த்தேன்.

"ஃபீஸ் கட்டறது கஷ்டமா இருக்குமாம்மா?" துணை முதல்வரின் கடைசிக் கேள்வி. கதவைத் திறந்துவைத்து, உள்ளே வரச்சொல்லிக் கையையும் காட்டிய கேள்வி.

அக்கா ஒரு கணம் கண்ணை மூடினார். கைகள் கோத்துக்கொண்டன. நானும் பியூலாவும் மூச்சைப் பிடித்தோம்.

"ஆண்டவர் பார்த்துக்குவார் சார்."

கணக்கு மேடம் அதை எழுதிக்கொண்டார். கமிட்டிகளின் மொழியில் அதை எப்படி எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அநேகமாக, 'மாற்று ஏற்பாடு உள்ளது.'

பதில் மெயிலில் வந்தது. கம்பெனியில் மேனுவல் போக என் பிழைப்பே, திரையில் தோன்றும் மறுப்புகளை மென்மையாக எழுதுவது. 'மன்னிக்கவும், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்ற வகை. அதனால் அந்த மெயிலை ஒரு சக தொழில்காரனின் மதிப்போடு படித்தேன். கவனமாகப் பரிசீலித்தார்களாம். குடும்பச் சூழ்நிலை சீரடைந்துவிட்டதைப் பெற்றோரே நேரில் தெரிவித்தது மகிழ்ச்சி அளித்ததாம். தேவை அதிகமுள்ள மற்ற மாணவர்களைக் கருதி, சலுகையைத் தொடர இயலவில்லையாம். முடிவு இறுதியானது. ஒரு சொல்லை மாற்ற இடமில்லை. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

பியூலா அன்று அம்மாவை மாடிப்படிக்கு அழைத்து வந்தாள். வீட்டுக்குள் சண்டை போட முடியாது. முன்னறைக் கட்டிலுக்குக் கேட்காத இடம் அந்த வீட்டில் இல்லை. இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். நான் மேல்படியில் துணி காயப்போட வந்தவன், போகவும் முடியாமல் வரவும் முடியாமல் ஈர லுங்கியோடு நின்றேன்.

"ஒரே ஒரு தடவை நல்லா இல்லன்னு சொல்லியிருக்கலாம்லம்மா."

அக்கா படியிலிருந்த தூசியைக் கையால் தள்ளினார்.

"மாடில மூணு நாள் சொன்னீங்க. அங்க ஏம்மா வரல?"

"சொல்லத்தான் நினைச்சேன்."

"பின்ன?"

"வீட்டுல யாரு வந்து கேட்டாலும் அப்பா படுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கார். காது நல்லா இருக்கு அவருக்கு. முன்னாடியும் அப்படித்தான். கஷ்டம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா அன்னைக்குச் சாப்பிட மாட்டார்."

"அங்க அப்பா இல்லையேம்மா."

"இல்லதான்" என்றார் அக்கா. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "வாய்க்கு அது தெரியலையே."

பியூலா கொஞ்ச நேரம் அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து "ஸ்தோத்திரம்" என்று கேட்டது. எனக்கு வழக்கம்போல் அது எதுவென்று தெரியவில்லை. அக்கா எழுந்தார். "நாம எங்கேன்னு தேடறார்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை, இருந்தாலும் செய்தோம். நான் துணை முதல்வருக்கு ஒரு மெயில் எழுதினேன். தானியங்கிப் பதில் வந்தது. என் மனைவி யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தாள். கல்லூரி திறக்கிற நாள் வந்து, தாண்டியும் போயிற்று. அண்ணி பகலில் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தது நின்றுபோனது. அக்கா குடும்பமே அண்ணன் வீட்டுக்குப் பக்கமாகப் போய்விடுவது என்று முடிவானது. ஊருக்கு வெளியே, அண்ணன் இருந்த அத்திபெலேயில் வாடகை குறைவு.

சாமான் ஏற்றிய டெம்போவில், முன்சீட்டில் அப்பாவை உட்கார வைத்துத் துப்பட்டாவால் கட்டியிருந்தாள் பியூலா. சந்தில் ஒவ்வொருவரும் வந்து ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். "அங்க காத்து நல்லா இருக்கும்" என்றார் அக்கா. எதிர்வீட்டு வாண்டு ஒன்று, பழைய மாணவன், ஓடிவந்து நின்றான். "ஹௌ ஆர் யூ?" என்றார் அக்கா டெம்போவில் ஒரு காலை வைத்தபடி. "ஐ யாம் ஃபைன், தேங்க் யூ மிஸ்" என்றான் அவன், அழுதுகொண்டே.

சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போன் செய்தேன். அந்த வாரம்தான் என் கம்பெனியில், மறுப்புகளை இனி இயந்திரமே மென்மையாக எழுதிக்கொள்ளும் என்று என்னை அழைத்து மென்மையாகச் சொல்லியிருந்தார்கள். நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கோல்ஸ் பார்க்கில் உட்கார்ந்து, ஓய்வுபெற்றவர்கள் சிரிப்பு யோகா செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்துதான் பேசினேன்.

"சார் எப்படி இருக்கார் அக்கா?"

"கிருபையால நல்லா இருக்கார்."

"பியூலா?"

"நல்லா இருக்கா தம்பி. ஒரு குடோன்ல பில்லு போடறா. அடுத்த வருஷம் கரஸ்பாண்டன்ஸ்ல எழுதிடுவா."

போன வருடமும் அடுத்த வருடம் என்றுதான் சொன்னார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். அந்த 'நல்லா' தண்ணீரா, தலைகாணியா, கால் வலியா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் குறிப்பு எழுதுகிற அளவுக்குப் படித்தவன் நான். ஒரு சொல் பிடிபடவில்லை.

"நீங்க எப்படி இருக்கீங்க தம்பி?"

"நல்லா இருக்கேன் அக்கா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

"என்ன தம்பி," என்றார் அக்கா, "வேலையில ஏதாவதா?"